சென்டர் அண்ணனும் ஏணி வேண்டாத மாப்பிள்ளையும்

ஆறடிக்கு மேல் வளர்ந்த எந்த மனிதனும் சென்டர் அண்ணனின் கண்ணில் படாமல் தல்லாகுளம் சிக்னலைத் தாண்டியதில்லை. இதை நான் கோர்ட்டில் வந்து வேண்டுமானாலும் சொல்வேன். கோர்ட்டும் பக்கத்தில்தான் இருக்கிறது. பேச்சுக்கு நடுவில், டீ கிளாஸ் உதட்டுக்குப் போகும் வழியில், கைநாட்டு வைக்க வந்தவரின் பெருவிரலை மையில் அழுத்திக்கொண்டிருக்கும்போது, எந்த நொடியிலும் அவர் கழுத்து ரோட்டுப் பக்கம் வெட்டித் திரும்பும். பஸ் படியில் ஒருவர் தலையைக் குனிந்து இறங்கினால் போதும், அண்ணன் எழுந்துவிடுவார். எழுந்தாலும் உட்கார்ந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. அவர் ஐந்தடி இரண்டு அங்குலம்.

தொழில், பத்திரம் எழுதுவது. ஜெராக்ஸ் கடையில் பாதியைத் தடுத்து ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு நாற்காலி. பெயர்ப்பலகையில் பெயரை வெயில் தின்றுவிட்டது. ஊருக்கு அவர் சென்டர். கூடைப்பந்தில் ஐந்து பேர் ஆடுவார்கள். அதில் வளையத்துக்குக் கீழே கோபுரம் மாதிரி நிற்கிற நெட்டை ஆளுக்குத்தான் அந்தப் பெயர். அண்ணன் பிறந்ததிலிருந்து ஒருநாளும் அந்த இடத்தில் நின்று ஆடியவரில்லை. மீனைப் பற்றியே பேசுகிறவனுக்கு மீன்காரன் என்று பெயர் வருவதுபோல இவருக்கு இது வந்து ஒட்டியது.

நாங்கள் ஐந்து பேர். சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு பழைய சிமென்ட் தளத்தில் கூடி, வயிறு குலுங்க ஓடி, ஏழு மணிக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு கலைவோம். மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறுகிற மாரி, மருந்துக்கடைக்காரர் ஒருவர், வங்கியில் வேலை பார்க்கிற ஒருவர், நான், அண்ணன். நான் இன்சூரன்ஸ் வேலையில் மாவட்டம் முழுக்க பைக்கில் அலைகிறவன். நின்றால் கால் அரிக்கும். பந்து கைக்கு வந்தால் யாருக்காவது கொடுத்துவிட்டு ஓடத்தான் தெரியும். அண்ணனோ பந்தை வாங்கி வைத்துக்கொண்டு, வளையத்துக்குக் கீழே பெயிண்ட் அடித்த அந்தக் கட்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அந்தக் கட்டம் எங்கள் டீமில் காலியாகவே கிடந்தது.

"அது பட்டா நெலம்டா. சென்டர் பேருல உள்ளது. நாம எல்லாம் பாதைக்காரங்க. வரலாம், போகலாம், குடியிருக்கக் கூடாது."

"அப்ப ஆளே இல்லாத பட்டாவா அண்ணே?" என்பான் மாரி.

"ஆளு வருவான். வாரிசு இல்லாத நெலம் உண்டா?"

அமெரிக்காவில் ராத்திரி நடக்கிற தொழில்முறை ஆட்டம் நமக்கு விடிந்தபின் வரும். காலை ஒன்பதரைக்கு நல்ல நேரம் பார்த்துக் கிரயம் முடிக்க வந்தவர்கள், அண்ணனின் செல்போனில் ஆட்டம் முடிகிறவரை பெஞ்சில் காத்திருக்க வேண்டும். காத்திருந்தே பாதி மதுரை மேற்குக்குச் சென்டர் என்றால் யார் என்று தெரிந்துபோனது.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த மகா சென்டர்களில் ஒருவர் பெயரையும் அண்ணன் வாயால் சொல்ல மாட்டார். "பெரிய மனுசங்களப் பேரு சொல்லியா கூப்பிடுவாக?" என்று கேட்பார். எல்லாருக்கும் பட்டப்பெயர்தான், கூடவே ஓர் அண்ணன். ஒரே ஆட்டத்தில் நூறு புள்ளி போட்டவர் 'நூறு அண்ணே'. பக்கவாட்டில் திரும்பி, ஒற்றைக் கையை ஓங்கி, கோயில் தூண்டாமணி விளக்கைக் கொக்கியில் மாட்டுவதுபோல் பந்தை வளையத்தில் மாட்டியவர் 'கொக்கி அண்ணே'. தொங்கித் தொங்கியே பலகையைக் கம்பத்தோடு பெயர்த்தவர் 'பலகை அண்ணே'; அத்தனை பலம் இருந்தும், யாரும் மறிக்காமல் நின்று போடச் சொன்னால் மட்டும் அவருக்குப் பந்து உள்ளே போகாது. ஆப்பிரிக்காவில் கால்பந்து ஆடிய காலோடு வந்து, அந்தக் காலாலேயே எதிராளியை நாலு திசையும் தேட வைத்தவர் 'சலங்கை அண்ணே'. இப்போது ஆடிக்கொண்டிருக்கிற, குதிரை வளர்க்கிற, குதிக்கவே தெரியாத, பார்க்காமலே பந்து கொடுக்கிற கனத்த மனிதர் 'குதிரைக்கார அண்ணே'.

இவர்களில் யார் பெரியவர் என்று தினமும் சண்டை. மாரி பலகை கட்சி. நான் சலங்கை, நிற்காத கால் எனக்குப் பிடிக்கும். அண்ணன் மட்டும் அசைய மாட்டார். அவருக்கு 'பதினோரு மோதிரம்'தான். பதினோரு முறை பட்டம் ஜெயித்தவர். பத்து விரலிலும் மாட்டியது போக ஒன்று மிச்சம்.

"அவரு புள்ளி போட்டு ஜெயிக்கலடா. அடுத்தவன் போடுறதத் தடுத்து ஜெயிச்சாரு. கோவத்துல பந்தக் கூட்டத்துக்குள்ள தட்டி விடுறவன் ஆயிரம் பேரு இருக்கான். தட்டுனது நம்மாளு கையிலயே வந்து விழுற மாதிரி தட்டுறது அவரு ஒருத்தருதான். தனக்குப் பேரு வேணும்னு நெனைக்கிறவனுக்கு அது வராது."

இந்தப் பக்தி ஒருநாள் பத்திரத்திலும் ஏறியது. ஆட்டம் கடைசி நிமிஷத்தில் இருக்க, கண் போனில், விரல் கீபோர்டில். செல்லம்பட்டிப் பக்கத்து நஞ்சை ஒன்றுக்கு நான்கு எல்லை எழுதினார்: வடக்கே கொக்கி, தெற்கே பலகை, கிழக்கே நூறு, மேற்கே குதிரைக்காரர். பதிவு அலுவலகத்தில் இருந்தவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, "யாருய்யா இந்தக் கொக்கி?" என்று கேட்டார். நிலம் வாங்க வந்த விவசாயி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இருக்கும் சார். எங்க ஊருல எல்லாத்துக்கும் பட்டப்பேருதான். பலகைங்கிறது எங்க பெரியப்பா வகையறா." பதிவாகிவிட்டது. அண்ணன் பிறகு தானே போய் அந்த விவசாயியைக் கூட்டிவந்து, பிழை திருத்தல் பத்திரம் எழுதி, இரண்டு நாள் யாருடனும் பேசாமல் இருந்தார். எல்லை தப்பியதற்காக இல்லை. நான்கு எல்லையில் பதினோரு மோதிரம் விட்டுப்போனதற்காக.

ஆள் தேடுவதில் அவருக்கு வெட்கமே கிடையாது. ஒருமுறை ஆறடி நாலங்குலப் போலீஸ்காரர் ஒருவரின் பின்னால் பெரியார் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தார். அவர் சட்டென்று திரும்பி, "எதுக்குய்யா என் பின்னாலயே வர்ற?" என்றார். "ஒண்ணுமில்ல சார், கையத் தூக்கிக் காட்டுனீங்கன்னா போயிருவேன்." போலீஸ்காரர் கையைத் தூக்கினார். அது அண்ணன் நினைத்த காரியத்துக்காக இல்லை.

பிறகு, ஒரு புரட்டாசி மாதக் காலையில், சோழவந்தானிலிருந்து வெற்றிலைக் கொடிக்கால் குத்தகைக்கு எழுத வந்தவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "எங்க பக்கத்துக் கொடிக்கால்ல தங்கப்பாண்டின்னு ஒருத்தன். அகத்தி மரத்துல கொடி கட்ட எல்லாரும் ஏணி போடுவாக. அவன் தரையில நின்னே கட்டுவான்."

அண்ணனின் விரல்கள் கீபோர்டில் நின்றன. பாதி எழுதிய பத்திரம் திரையில் கிடக்க, என் பைக்கில் ஏறி உட்கார்ந்தார். "ஓட்டு." எனக்குக் கேட்கவா வேண்டும்? துவரிமான், தேனூர், ஆற்றில் தண்ணீர் இருந்ததா மணல் இருந்ததா பார்க்கவில்லை. பின்சீட்டிலிருந்து ஒரே குரல்: "வெரசா போடா, வளந்தவன் எங்கிட்டும் போயிறப் போறான்."

தங்கப்பாண்டி வீட்டில் இல்லை. அவன் அம்மா இருந்தார். அண்ணன் வணக்கம் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பையன் உசரம் எம்புட்டும்மா?"

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆறரை அடிண்ணே. மறைக்கல, உள்ளதச் சொல்லிர்றேன்."

"வயசு?"

"முப்பத்திரண்டு."

"கை நீளமா? முழங்கால் வலி எதுவும் உண்டா?"

"ஒரு நோவு நொடி கெடையாது. ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. செருப்புத்தேன் பதிமூணாம் நம்பரு, சொல்லித் தைக்கணும்."

"பதிமூணா!" அண்ணன் நெஞ்சில் கை வைத்தார்.

அந்த அம்மா எங்களைப் பெண் வீட்டுத் தரகர் என்று நினைத்துவிட்டார் என்பது காப்பி வந்தபோது எனக்கு விளங்கியது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஜாதகம் வந்தபோது அண்ணனுக்கும் விளங்கியது. இல்லம்மா, நாங்க பந்து விளையாட ஆள் பார்க்க வந்தோம் என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அந்த அம்மா, "ஏழு எடத்துல உசரம் சாஸ்தின்னு சொல்லிட்டாகண்ணே. பொண்ணுக்குப் பக்கத்துல நின்னா பொருந்தாதாம். நீங்க ஒருத்தருதேன் உசரத்தக் கேட்டுட்டுச் சிரிச்சீக," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் வாயை மூடினார். ஜாதகத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை பையனைத் தல்லாகுளத்துக்கு அனுப்பச் சொன்னார். எதற்கு என்று அந்த அம்மா கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

"என்னண்ணே இது, ஜாதகத்த வாங்கிட்டீங்க?" என்றேன் வழியில்.

"நீட்டிட்டாங்களேடா."

"பொண்ணுக்கு எங்க போவீங்க?"

"வாங்குனா பாக்கத்தான வேணும். பாப்போம்." அப்புறம் கொஞ்ச தூரம் கழித்து, மெதுவாக, "ஆறரை அடிடா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கப்பாண்டி வந்தான். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சீப்பு பழமும் ஒரு கவுளி வெற்றிலையும். அம்மாம் பெரிய ஆள் தோளைச் சுருக்கி, கழுத்தை முன்னே தொங்கவிட்டு, எங்கள் உயரத்துக்குத் தன்னை மடித்துக்கொண்டு நின்றான். டிரவுசரோடு வியர்த்து நின்ற எங்களை ஒவ்வொருவராகக் கும்பிட்டான். மாரியிடம், "நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?" என்று கேட்டான்.

மாரி ஒரு நொடி அண்ணனைப் பார்த்தான். "தாய்மாமன்," என்றான்.

அண்ணன் குறுக்கே பாய்ந்து, "தம்பி, இதக் கொஞ்சம் பிடிங்க," என்று பந்தை வீசினார். தேங்காய் பிடிப்பதுபோல ஒற்றைக் கையில் பிடித்தான். "அந்த வளையத்துல போடுங்க பாப்போம்." பழத்தையும் வெற்றிலையையும் இடது கையில் வைத்துக்கொண்டே நடந்து போனான், ஒரு சின்ன எம்பு எம்பினான், வைத்தான். எறியவில்லை, அலமாரியில் டப்பாவை வைப்பதுபோல வைத்தான்.

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வாராவாரம் வந்தான். வேட்டி போய் டிரவுசர் வந்தது. பெண் பற்றிக் கேட்கவே இல்லை. நாங்களும் அந்தப் பேச்சை எடுக்காமல் ஓடிக்கொண்டே இருந்தோம். அண்ணன் கோட்டுக்கு வெளியே நின்று கத்துவது ஒன்றே ஒன்றுதான்: "நிமிர்றா! நிமிந்து நில்லு தம்பி! கொக்கி அண்ணே குனிஞ்சா நின்னாரு?" அவன் நிமிர்வான், மறந்துபோய் மடிவான், மறுபடி நிமிர்வான். பட்டா நிலத்துக்கு ஆள் வந்துவிட்டது. பசுமலையில் மார்கழிக்கு முன் ஒரு போட்டி. பத்து வருடமாகப் பெயர் கொடுத்து, பத்து வருடமாக முதல் ஆட்டத்திலேயே தோற்று வருகிற போட்டி. முதல் ஆட்டம் ஞாயிறு காலை பத்தரைக்கு. அண்ணன் சாப்பாட்டைக் குறைத்தார், சண்டையைக் குறைத்தார், பலகை அண்ணனைக்கூட ஒருநாள் பெரியவர் என்று ஒப்புக்கொண்டார்.

ஆனால் சட்டைப்பையில் ஜாதகம் இருந்தது. அதை அவர் மறக்கவில்லை. சொத்து எழுத வருகிற ஒவ்வொருவரிடமும், சர்வே நம்பர் கேட்ட கையோடு, "வீட்டுல பொண்ணு இருக்கா? உசரம்?" என்று கேட்டுவந்தார். அடி வாங்காதது அதிர்ஷ்டம். போட்டிக்கு மூன்று நாள் இருக்கையில் வாடிப்பட்டியிலிருந்து ஒருவர் செட்டில்மென்ட் எழுத வந்தார். கேள்வியைக் கேட்டதும் தலையைத் தொங்கப் போட்டார். "மூத்தவ இருக்கா. பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரு. உசரம் அஞ்சு பத்து. அதுதேன் தள்ளிக்கிட்டே போகுது."

போனில் குதிரைக்கார அண்ணன் ஆடிக்கொண்டிருந்தார். அண்ணன் போனைக் கவிழ்த்து வைத்தார். அப்படி அவர் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஜாதகம் பொருந்தியது. மறுநாளே தகவல் வந்தது: ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு மேல் பெண் பார்க்க வரலாம். அடுத்த வாரம் மார்கழி, நல்ல காரியம் பேச முடியாது. தை பிறந்தால் தேனிப் பக்கமிருந்து வேறு இடம் வருகிறார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் தளத்தில் நாங்கள் நால்வரும் அண்ணனைச் சூழ்ந்து நின்றோம்.

"ஆட்டத்த முடிச்சிட்டுப் பன்னெண்டு மணிக்குப் போனா என்ன?" என்றான் மாரி.

"பன்னெண்டுக்கு எமகண்டம்."

"சாயங்காலம்?"

"நாலரைக்கு ராகு. நடுவுல அவுகளுக்கு ஒரு சாவு வீடு இருக்காம்."

"அண்ணே, பத்து வருசமா சென்டரு சென்டருன்னு உசுர வாங்குனது நீங்க. கெடச்சவன நீங்களே கூட்டிட்டுப் போயி வேற எடத்துல நிறுத்துறேங்கிறீங்க. பொண்ணு வீட்டுல ஒரு வார்த்த தள்ளிப்போடச் சொன்னா யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமேடா," என்றார் அண்ணன். பந்தை எடுத்துத் துடைத்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்துத் துடைத்தார். "அந்தம்மாகிட்டக் கை நீட்டி வாங்கியிருக்கேன்."

மாரி அந்தப் பந்தைப் பிடுங்கிக்கொண்டு, "அப்ப நாங்களும் வாரோம்," என்றான். "சென்டரு இல்லாம அங்க போயி எவன்கிட்ட அடி வாங்க? நான் வேற தாய்மாமன்னு சொல்லித் தொலைச்சிருக்கேன்."

போட்டிக்காரர்களிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டோம். ஞாயிறு காலை, மாரியின் மச்சானுடைய ஆம்னி வேனில், வேட்டிக்குக் கீழே விளையாட்டு ஷூ போட்ட ஐந்து பேரும், தங்கப்பாண்டியும், அவன் அம்மாவும் வாடிப்பட்டிக்குப் போனோம். ஆட்டம் போச்சே என்று தங்கப்பாண்டிதான் வழியெல்லாம் வருத்தப்பட்டான்.

பெண் வீடு பழைய காலத்து வீடு, தாழ்ந்த கூரை. மதுரைப் பக்கம் கார்த்திகையிலும் ஃபேன் இல்லாமல் முடியாது. அது, நாங்கள் எழுந்து நின்றால் தலைக்கு ஒரு சாண் மேலே, முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, மரியாதையாக, மாப்பிள்ளைக்கு நாற்காலி. பஜ்ஜி வந்தது. விசாரிப்பு முடிந்தது. பெண் காப்பித் தட்டோடு நிலைப்படியில் தலையைக் குனிந்து உள்ளே வந்தாள்.

தங்கப்பாண்டி எழுந்தான்.

மரியாதைக்கு எழுந்தான். ஆனால் எப்போதும்போல மடிந்து எழவில்லை. தோளை விரித்து, கழுத்தை நிமிர்த்தி, தளத்தில் நிற்பதுபோல எழுந்துகொண்டிருந்தான். மேலே மூன்று இறக்கை சுற்றுகிறது. அறையில் இருந்த ஒன்பது பேரும் வாயைத் திறந்தோம், சத்தம் வரவில்லை. அண்ணன் பாய்ந்தார். பஜ்ஜித் தட்டைத் தாண்டி, பெண்ணின் சித்தப்பா மடியைத் தாண்டி, ஐந்தடி இரண்டங்குலமும் காற்றில் போய்ச் சுவரில் சுவிட்சை அறைந்தது.

சுவிட்சை அணைத்தால் ஃபேன் உடனே நிற்குமா? சுற்றியது.

"மெதுவா எந்திரி தம்பி!" என்று கத்தினார் சுவரில் ஒட்டியபடியே. "அவசரம் இல்ல. அப்பிடியே நில்லு. இன்னும் கொஞ்சம் வேகம் கொறையட்டும். ம், இப்ப ஒரு விரக்கடை. போதும். ம், இப்ப..."

ஃபேன் தளரத் தளர, அவன் விரல் விரலாக உயர்ந்தான். அறை மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. பெண்ணின் அப்பா பதறிப்போய், "மாப்ளைக்குக் காப்பி ஆறுது," என்றார்.

அந்தப் பெண் தட்டோடு அங்கேயே நின்றாள். அவளும் இப்போது குனிந்திருக்கவில்லை.

"ஆறட்டும்ப்பா," என்றாள். "அவரு முழுசா எந்திரிக்கட்டும்."

பூ வைக்க நாள் குறித்துவிட்டுக் கிளம்பினோம். வேன் வாடிப்பட்டியைத் தாண்டியது. அண்ணன் முன்சீட்டில் இருந்த தங்கப்பாண்டியின் தோளைத் தட்டினார்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். நான் அன்னைக்கு உன் வீட்டுக்கு மாப்ள பாக்க வரல. பந்து வெளையாட ஆளு பாக்கத்தான் வந்தேன். அம்மாகிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

முதலில் சிரித்தது அந்த அம்மாதான். "அட போங்கண்ணே. வாராவாரம் டிரவுசர் தொவச்சது ஆரு? பொண்ணு வீட்டுக்குப் போறவன் சிமென்ட் புழுதியோடவா வருவான்?"

"எனக்கு மொத வாரமே தெரியும்ணே," என்றான் தங்கப்பாண்டி. முழங்கால் டாஷ்போர்டில் இடிக்க, திரும்ப முடியாமல் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "தாய்மாமன் டிரவுசர் போட்டுக்கிட்டா வருவாரு?"

"பெறகு ஏன்டா வந்த?" என்றார் அண்ணன்.

"பள்ளிக்கூடத்துல, பஸ்ஸுல, வீட்டுல, விசேசத்துல, எங்கிட்டுப் போனாலும் எல்லாரும் குனி குனின்னுதேன் சொல்வாக. நீங்க ஒருத்தருதேன் சொல்லல. இன்னைக்கு, தலைக்கு மேல ஃபேன் சுத்தையில, ஒரு வார்த்த 'குனி'ன்னு கத்தியிருந்தா முடிஞ்சிருக்கும். அப்பயும் சொல்லலையேண்ணே."

வேன் ஓடிக்கொண்டிருந்தது. தென்னந்தோப்பு, ரயில்வே கேட், வெற்றிலை மூட்டை ஏற்றிய டெம்போ எல்லாம் பின்னால் போயின. அண்ணன் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு பேருக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு ஓடுகிற வண்டியில் ஜன்னலோரம் இல்லாவிட்டால் மூச்சு முட்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனைவிக்குக்கூட நான் அதை விட்டுக்கொடுத்ததில்லை. எழுந்தேன்.

"இங்கிட்டு வந்து உக்காருங்கண்ணே," என்றேன். "காத்து வரும்."